அப்பாவுக்கு எதற்குப் பிறந்த வீட்டுக் கோடி?

ஒருவர் உயிரோடு வந்து கதவைத் திறந்ததற்காக எனக்குக் கோபம் வந்தது இதுதான் முதல் தடவை.

"யாருங்க வேணும்?" என்றார். தலையில் குல்லா. கையில் ஒரு கொத்துப் பூண்டு. முகத்தில் நல்ல ஆரோக்கியம்.

"கார்த்திகா வீடு..."

"இதுதாங்க. நான் அவ அப்பா, ராசு."

அப்பாவா! இந்த மனிதர் செத்ததற்கு நான் அழுதிருக்கிறேனே... அதுவும் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, மூக்கைச் சிந்திச் சிந்தி!

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

என் சந்தேக புத்தி இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குப் புதிதல்ல. நாயுடுபுரத்தில் குடியிருந்துகொண்டு, கொடைக்கானல் கடைகளில் 'ஹோம்மேட் சாக்லேட்' என்று போர்டு பார்த்தால், "யார் வீட்டுல செஞ்சது? வீடு எங்க இருக்கு?" என்று கேட்கிறவள் நான். மலைப்பூண்டு என்று யார் நீட்டினாலும், ஒரு பல்லை உரித்து, நசுக்கி, மோந்து பார்த்த பிறகுதான் பையைத் திறப்பேன். என்னைக் கண்டதும் கடைக்காரர்கள் பக்கத்துக் கடையைக் கை காட்டுகிறார்கள் என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். அதையும் நான் முழுசாக நம்பவில்லை.

இப்படிப்பட்டவளுக்குத்தான், மதுரையில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் நண்பர் ஒருவர் சில மாதங்களுக்கு முன்னால் போன் செய்தார்.

"மேடம், ஒரு நாவல் அனுப்பறேன். கூக்கால் பொண்ணு. பி.ஏ. முடிச்சிட்டு வீட்டுல இருக்கு. சொந்தக் கதை. நீங்கதான் முன்னுரை எழுதணும்."

"நல்லா இருக்கா?"

"பிரமாதமா இருக்கு."

அங்கேயே எனக்குத் தட்டியது. ஒரு பதிப்பாளர், புது ஆள் எழுதியதைப் பிரமாதம் என்று சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? 'பரவால்ல, கொஞ்சம் குறைக்கணும்' என்பதுதானே அவர்கள் பாஷை?

"நீங்க எழுதினா இந்த வருஷமே போட்டுடுவேன். புது ஆளு பாருங்க... பேர் தெரிஞ்சவங்க நாலு வார்த்தை சொன்னாதான் கடைக்காரன் கையில எடுப்பான். இல்லேன்னா, பார்க்கலாம்."

'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று எழுதுகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆக, முகம் தெரியாத ஒரு பெண்ணின் முதல் புத்தகம் என் நாலு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. எனக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நாவல் வாட்ஸப்பில் வந்து இறங்கியது. (அதன் பெயரைச் சொல்ல மாட்டேன். விளம்பரம் என்று சந்தேகப்படுவீர்கள். நானாக இருந்தால் சந்தேகப்படுவேன்.) முதல் பக்கத்தில், 'அப்பாவுக்கு' என்று ஒற்றை வார்த்தை. பாவம், தகப்பனை இழந்த பெண் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கதை இதுதான். மேல்மலையில் பூண்டு போடுகிற குடும்பம். மகள் பெரியவளாகிச் சடங்கு வைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருக்கிறது. அதற்குள் அப்பா இறந்துபோகிறார். காட்டில் பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தவர் மயங்கி விழுகிறார், எழுந்திருக்கவே இல்லை. வருஷம் தவறாமல் மாலை போட்டுப் பழனிக்குப் போன மனிதர்! அவரைக் காப்பாற்றாத முருகனோடு மகள் பேச்சை நிறுத்திக்கொள்கிறாள். அம்மா விளக்கேற்றினால் இவள் எழுந்து வெளியே போகிறாள். காலண்டரில் இருக்கிற முருகனைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டுகிறாள். அம்மா திட்டுவதில்லை. தேதி பார்க்க வேண்டுமே என்று அவள் பாட்டுக்கு மறுபடி நேராக்கி மாட்டுகிறாள்.

கடைசியில், அம்மா அவளை வம்படியாகப் பழனிக்கு இழுத்துப் போகிறாள். கூட்டத்தில் நசுங்கி நசுங்கிச் சந்நிதிக்கு முன்னால் வந்ததும், அந்தப் பெண் கண்ணை இறுக மூடிக்கொள்கிறாள். பக்தியால் அல்ல... அவன் முகத்தில் முழிக்கக் கூடாது என்று! பக்கத்தில் நிற்பவர்கள், 'இந்த வயசுல என்ன பக்தி பாரு' என்று மெச்சுகிறார்கள். வெளியே வந்ததும் அம்மா சொல்கிறாள்: "நீ பாக்காட்டி என்னடி? அவன் உன்னையப் பாத்துட்டான்ல."

இந்த இடத்தில் நான் இரண்டாவது தடவை அழுதேன். அழுது முடித்ததும் சந்தேகம் வந்துவிட்டது.

இருபத்திரண்டு வயசில் இப்படி ஒரு வரி எப்படி வரும்? நானும்தான் இத்தனை வருஷமாக எழுதுகிறேன், எனக்கு ஏன் வரவில்லை? (இரண்டாவது கேள்விதான் எனக்கு முதலில் வந்தது என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார்.)

காலமும் சரியில்லை பாருங்கள். 'துக்கம் கொஞ்சம், பக்தி கொஞ்சம், நடுவில் மலை, பனி எல்லாம் போட்டு ஒரு நாவல் கொடு' என்று கம்ப்யூட்டரிடம் கேட்டால், காப்பி ஆறுவதற்குள் கொடுத்துவிடுகிறதாமே! கொடுத்ததை வாங்கித் தன் பெயரைப் போட்டுக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

மறுபடி முதலிலிருந்து படித்தேன். இந்தத் தடவை போலீஸ்காரி மாதிரி. ஐந்தாவது அத்தியாயத்தில் பிடித்துவிட்டேன்!

அப்பா இறந்த அன்று உடலை எடுக்காமல் எல்லோரும் காத்திருக்கிறார்கள். எதற்கு? கிளாவரையிலிருந்து மாமா, அதாவது அம்மாவின் தம்பி, பிறந்த வீட்டுக் கோடி கொண்டுவர வேண்டுமாம். நல்ல மழை. வழியில் மரம் விழுந்துவிட்டது என்று பேச்சு. மகள் வாசலை விட்டு நகராமல் நிற்கிறாள். பொழுது சாய்கிற நேரத்தில் ஜீப் வந்துவிடுகிறது. தொப்பலாக நனைந்த மாமா, சட்டைக்குள் நனையாமல் வைத்துக் கொண்டுவந்த கோடித் துணியை எடுத்து அப்பாவின் மேல் போர்த்துகிறார். அந்த அத்தியாயத்தில் காத்திருப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. ஆனால் படிக்கிறபோது நானும் அந்த வாசலில் நின்றேன்.

இரண்டாவது தடவை படிக்கும்போதுதான் உறைத்தது. ஆண்பிள்ளைக்கு எதற்குப் பிறந்த வீட்டுக் கோடி?

கல்யாணமான பெண் இறந்தால்தான் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுப்புடவை வர வேண்டும். அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்திய பிறகுதான் எடுப்பார்கள். நம் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆம்பளைக்கு எங்கிருந்து வரும் பிறந்த வீட்டுக் கோடி? அவர் செத்துக் கிடப்பதே பிறந்த வீட்டில்தானே! அதுவும் அந்தத் துணி அரக்குச் சிவப்பாம்...

ஆக, சாவு வீட்டை எட்டி நின்றுகூடப் பார்க்காத யாரோ எழுதியது. அல்லது எதுவோ எழுதியது!

கையும் களவுமாகப் பிடித்த சந்தோஷத்தில் கார்த்திகாவுக்குப் போன் போட்டேன்.

"ஏம்மா, அஞ்சாவது அத்தியாயத்துல ஒரு தப்பு இருக்கு. அந்தக் கோடி..."

சத்தமே இல்லை. கூக்காலில் சிக்னல் வந்து வந்து போகும். போய்விட்டதோ என்று பார்த்தேன். போகவில்லை.

"தெரியும் மேடம். அது அப்படியே இருக்கட்டும்."

"தப்புன்னு தெரிஞ்சுமா?"

"ஆமா மேடம். வேற எங்க வேணாலும் மாத்திக்கறேன். அத மட்டும் விட்டுருங்க."

தப்பு என்று தெரியுமாம், மாற்ற மாட்டாளாம். இதைக் கேட்டபிறகு எனக்கு எப்படித் தூக்கம் வரும்? நேரில் போய் அந்த அம்மாவைப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். 'அவன் உன்னையப் பாத்துட்டான்ல' என்று சொல்கிற மாதிரி ஓர் அம்மா நிஜத்தில் இருந்துவிட்டால், நாவலும் நிஜம். இல்லாவிட்டால் முன்னுரை கிடையாது. அவ்வளவுதான்.

"சி.ஐ.டி. கெளம்பியாச்சா? ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றார் என் வீட்டுக்காரர்.

கூக்காலுக்கு பஸ் கம்மி. விட்டால் விட்டதுதான். காலையிலேயே ஜன்னலோரம் இடம் பிடித்து, பூம்பாறை தாண்டி, வளைந்து வளைந்து போய் இறங்கினேன். ஏரிப் பக்கம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்துக் கதவைத் தட்டினால்... செத்துப்போன அப்பா வந்து திறக்கிறார்!

"உள்ள வாங்க. கார்த்திகா காட்டுல சோலியா இருக்கா, வெரசா வந்துருவா. குளிருல வந்துருக்கீங்க, கட்டங்காப்பி போடறேன்."

செத்தவர் போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்தேன். நன்றாக இருந்தது. அதுவும் எரிச்சலாக இருந்தது.

அடுப்புக்கு மேலே விட்டம் முழுக்கப் பூண்டுக் கொத்துகள், புகை படுகிற மாதிரி கட்டித் தொங்கின. என் கை தன்னால் ஒரு பல்லைத் தேடிப் போனது.

"உரிச்சுப் பாருங்க" என்று சிரித்தார். "கீழருந்து வர்றவங்க எல்லாரும் பாப்பாங்க."

இதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "உங்க பொண்ணு கதையில உங்களைக் கொன்னுட்டாளே... தெரியுமா?"

"தெரியும்ங்க. அஞ்சாவது பாகத்துல போயிருவேன்ல? படிச்சேன்."

"கோபம் வரலையா?"

"எனக்கென்னங்க? செத்துட்டான்னு பேச்சு வந்தா ஆயுசு கூடும்னு சொல்லுவாங்க. எங்கண்ணனுக்குத்தான் ஆகல. உசுரோட இருக்கற மனுசனுக்கு எழவு கூட்டுறாளேன்னு கத்திட்டுப் போனாரு."

அந்த அண்ணனை எனக்கு உடனே பிடித்துவிட்டது. அப்பா குத்துக்கல் மாதிரி இருக்கும்போது, அப்பா போன துக்கம் என்று ஒரு நாவலா? அதற்கு 'சொந்தக் கதை' என்று ஒரு பெயரா? நான் அழுததற்கு யார் பதில் சொல்வது?

"அவங்கம்மாவைக் கூப்பிடுங்க. நான் அவங்ககிட்டதான் பேசணும்" என்றேன், கொஞ்சம் கறாராகவே.

ராசு டம்ளரைக் கீழே வைத்தார்.

"அவதாங்க செத்தா."

விட்டத்தைப் பார்த்தேன். தரையைப் பார்த்தேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இவளுக்கு அப்ப பதினஞ்சு வயசுங்க. காட்டுல என் பக்கத்துல நின்னு பூண்டு பிடுங்கிட்டிருந்தவதான். அப்படியே சாஞ்சுட்டா." அவர் மெதுவாகத்தான் பேசினார். "மொதல்ல உள்ளது உள்ளபடிதாங்க எழுதுனா. அம்மா சாகற எடம் வரைக்கும் வருவா. அங்கன வந்ததும் நின்னுரும். மூடி வச்சுட்டு அழுவா. மறுக்கா மொதல்லருந்து எழுதுவா. மறுக்காவும் அங்கனயே வந்து நிப்பா. எம்புட்டு நாளுதான் பாத்துக்கிட்டு இருக்கறது? நாந்தான் சொன்னேன்... என்னைய வச்சுக்க தாயி. நான் இங்கனதான கெடக்கேன். எழுதறப்ப பயமா இருந்துச்சுன்னா எந்திரிச்சு வந்து என்னையப் பாத்துக்கன்னேன்."

அப்படித்தான் எழுதியிருக்கிறாள். ஒரு பக்கம் எழுதுவாளாம். எழுந்து காட்டுக்கு ஓடிவந்து வரப்பில் நிற்பாளாம். அப்பா மண்வெட்டியோடு நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் அடுத்த பக்கத்தை எழுதுவாளாம்.

மறுபடி மூக்கைச் சிந்தினேன். ஆனாலும் புத்தி சும்மா இருக்குமா? அப்படியென்றால் அந்தக் கோடி?

கை நிறைய மண்ணோடு கார்த்திகா உள்ளே வந்தாள். ஒல்லியான பெண். என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் எதற்கு வந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மத்த எல்லாத்தையும் அப்பாவுக்கு மாத்திட்டேன் மேடம். அது ஒண்ணு மட்டும் அம்மாவோடது" என்றாள். "நெசத்துல மாமா வந்து சேரல. அன்னைக்குப் பூரா மழை. போனும் கெடைக்கல. வாசல்லயே நின்னேன். பொழுது சாயுது, இனிமே வச்சிருக்கக் கூடாதுன்னு பெரியாளுக சொல்லிட்டாங்க. இங்க கடையில ஒரு சேலைய வாங்கிப் போத்தி எடுத்துட்டாங்க. அம்மா, பொறந்த வீட்டுச் சேலை இல்லாமலே போயிட்டாங்க மேடம்."

"மாமா வரவே இல்லையா?"

"வந்தான்" என்றார் ராசு. "எல்லாம் முடிஞ்ச பெறகு வந்தான். ரோட்டுல மரம் விழுந்துருச்சுன்னான். ஊருல ஒருத்தரும் நம்பலைங்க. இவ சடங்குல, தாய்மாமன் சீரோட வர்றப்ப முன்னாடி நிக்க விடலைன்னு அவனுக்கும் எங்க அண்ணனுக்கும் தகராறு. அந்தக் கோவத்துல வேணும்னே நேரங்கழிச்சு வந்தான்னு எல்லாரும் பேசிட்டாங்க. சேலைய கையில வச்சுக்கிட்டு வாசல்ல நின்னான். உள்ள வான்னு நான் சொல்லல. படியில வச்சுட்டுப் போயிட்டான். அதோட சரி, பேச்சுவார்த்த கெடையாது."

"மரம் விழுந்தது உண்மையா?" நான் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்?

"தெரியலைங்க. நான் போய்ப் பாக்கல."

அவர் உள்ளே போய் ஒரு புடவையை எடுத்து வந்தார். அரக்குச் சிவப்பு. கடையில் மடித்த மடிப்பு கலையவில்லை. கட்டிக்கொள்ளவும் முடியாமல், யாருக்கும் கொடுக்கவும் முடியாமல், பெட்டியிலேயே கிடக்கிறது.

கார்த்திகா அதைத் தொடவில்லை. கையில் மண் இருந்தது.

"எனக்கு முருகன் மேல கோவம், அம்மாவக் கொண்டு போனதுக்குக்கூட இல்ல மேடம். இந்த மலையே அவன் மலைதான? அம்மா வருசா வருசம் பழனிக்கு நடந்து போனாங்கல்ல? ஒரே ஒரு மரத்தப் புடிச்சு நிப்பாட்ட முடியலையா அவனுக்கு?"

இதற்கு உங்களிடம் பதில் இருந்தால் எழுதுங்கள்.

"அப்புறம் பழனிக்குப் போனியா?"

"இல்ல மேடம். கதையில மட்டுந்தான் போனேன். அதுல அம்மா கூட இருந்தாங்கல்ல."

"அப்ப அந்த வரி... 'அவன் உன்னையப் பாத்துட்டான்ல'... அது யார் சொன்னது?"

"அம்மாதான் மேடம்."

"எப்போ?"

"எழுதறப்ப."

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. எழுந்தேன். "மாமாகிட்ட பேசினியா?" என்று வாசலில் வைத்துக் கேட்டேன்.

"இன்னும் இல்ல. வந்துட்டாருன்னு எழுதிட்டேன்ல மேடம்? இனிமேத்தான் பேசணும்."

திரும்பி வரும்போது, கிளாவரை ரோட்டில் அன்றைக்கு மரம் விழுந்ததா இல்லையா என்று யாரைக் கேட்கலாம் என்று என் மனசு பட்டியல் போட ஆரம்பித்துவிட்டது. டிரைவரைக் கேட்கலாம். கிளாவரையிலிருந்து கேரட் ஏற்றி வருகிற வண்டிக்காரரை எனக்குத் தெரியும். மலையில் மரம் விழுந்தால் யாராவது நினைவு வைத்திருப்பார்கள். அந்தப் பெண்ணோ ஒருவரையும் கேட்கவில்லை. சாமியை நம்ப முடியவில்லை அவளுக்கு. மாமாவையாவது நம்பிப் பார்ப்போம் என்று ஒரு நாவலே எழுதிவிட்டாள். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது, இந்தத் தடவை அந்த வரிக்காக அல்ல.

முன்னுரை எழுதி அனுப்பினேன். உடனே பதிப்பாளரிடமிருந்து போன்.

"மேடம், புரூஃப் பாக்கறவர் ஒரு தப்பைப் பிடிச்சுட்டார். ஆம்பளைக்குப் போய் பிறந்த வீட்டுக் கோடி... எனக்கே டவுட்டா இருக்கு. கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எழுதிச்சோ?"

"அதுல ஓர் எழுத்து மாத்தினாலும் என் முன்னுரையைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றேன். காரணம் சொல்லவில்லை. இப்போது இங்கே சொல்வதுகூடக் கார்த்திகாவிடம் கேட்டுக்கொண்டுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலில் புத்தக வெளியீடு. சின்ன ஹால். மைக் வேலை செய்யுமா என்ற சந்தேகத்தில் நான் வெகு சீக்கிரமே போய்விட்டேன். நாற்காலிகளைக்கூட இன்னும் பிரித்துப் போடவில்லை. அடுக்கி வைத்த நாற்காலிகளுக்குப் பக்கத்தில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, பழைய ஸ்வெட்டர், கையில் குடை. வெளியே நல்ல வெயில்.

"நிகழ்ச்சி பதினோரு மணிக்குங்க" என்றேன்.

"தெரியும்ங்க. நான் கார்த்திகாவோட மாமன். கிளாவரை." குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். "வெள்ளனே கெளம்பலாம்னுதான் இருந்தேன். வழியில மரம் கிரம் விழுந்துருச்சுன்னா...? அதான் நேத்தே வந்துட்டேன்."

நான் போய் மைக்கைத் தட்டிப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் ராசு வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் பார்த்துக்கொண்டார்கள். ராசுதான் முதலில் வாயைத் திறந்தார்.

"சாப்டியா மாப்ள?"

"இன்னும் இல்ல மச்சான்."

இரண்டு பேரும் வெளியே போனார்கள். பதினோரு மணி ஆயிற்று. ஹால் நிறைந்துவிட்டது. பதிப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஆரம்பிக்கலாமா என்று கையைக் காட்டினார். மேடையிலிருந்து கார்த்திகா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மாமா வந்துரட்டும் மேடம்" என்றாள்.

காத்திருந்தோம். வந்தார். முதல் பிரதியை அவர்தான் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆமா, அன்னைக்கு நிஜமாவே மரம் விழுந்துதா?" என்றார்.

"தெரியாது. நான் விசாரிக்கல."

மனிதர் நம்பவே மாட்டேன் என்கிறார்!